கேத்தே கொல்விட்ஸ்: மகனுக்கு ஒரு சிலை செய்ய ஏன் 18 ஆண்டுகள்?

கரிக்கோடு எழுதியது:

ஜெர்மன் ஓவியரும் சிற்பியுமான கொல்விட்ஸ் பற்றி இங்கே தனி இழை எதுவும் கண்ணில் படவில்லை. ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற கேள்வி ஒன்று இருக்கிறது, அதனால் நானே தொடங்குகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1903-ல் அவர் ஒரு எட்சிங் (உலோகத் தகட்டில் கீறி அச்செடுக்கும் படம்) செய்தார். இறந்த குழந்தையை மடியில் போட்டு இறுக்கிக்கொண்டு, அதன் மார்பில் முகத்தைப் புதைத்திருக்கிறாள் ஒரு பெண். துணியில்லாத பெரிய உடம்பு, மடக்கிய முழங்கால், தடித்த பாதம். அழுகிறாள் என்று சொல்ல முடியாது. பெற்றதைத் திரும்பவும் தன் உடம்புக்குள் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறாள் என்றுதான் சொல்லத் தோன்றும். அந்தப் படத்துக்கு அவரே மாடல். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, ஏழு வயது இளைய மகன் பீட்டரைக் கையில் தாங்கியபடி வரைந்திருக்கிறார். கனம் தாங்காமல் அவர் முனகியபோது, "சும்மா இரும்மா, ரொம்ப அழகா வரும்" என்கிற மாதிரி ஏதோ சொல்லி அந்தப் பையன்தான் தேற்றினானாம்.

1914 அக்டோபரில் அதே பீட்டர் பெல்ஜியத்தில் போர்முனையில் இறந்தான். வயது 18. போருக்குப் போய்ப் பத்துப் பதினைந்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. அந்த டிசம்பரிலேயே மகனுக்கு ஒரு நினைவுச் சிலை செய்வதென்று அம்மா முடிவு செய்து நாட்குறிப்பில் எழுதிவிட்டார். சிலை கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தது 1932-ல்.

பையன் உயிரோடு இருந்தபோது, கற்பனையில் வந்த சாவை அந்த வேகத்தில் வரைய முடிந்தவரால், உண்மையில் சாவு வந்தபோது 18 வருடம் ஏன் முடியவில்லை? கை தேய்ந்துவிட்டதா? இல்லை. இடையில் எத்தனையோ செய்தார், எல்லாம் நல்ல வேலைகள். இது ஒன்றுதான் வரவில்லை.

நான் கேட்பதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. பத்திரிகைக் கதைகளுக்குப் படம் போடுகிறவள் நான். பாடை, பந்தல், தலைவிரி கோலம் எல்லாம் கேட்ட நேரத்துக்குக் கொடுத்திருக்கிறேன். என் தம்பி போன பிறகு அவனைப் பற்றி உருப்படியாக ஒரு கோடு விழவில்லை. "வரைஞ்சு தீர்த்துடு, மனசு லேசாகும்" என்கிறார்கள். அந்த வாக்கியத்தில் ஏதோ பிசகு இருக்கிறது என்று தோன்றுகிறது, என்னவென்று பிடிபடவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

சுதைமண் எழுதியது:

வணக்கம் அம்மா. நான் சிற்பம் படித்தவன், கும்பகோணம். உங்கள் கேள்விக்கு முதலில் தொழில் பக்கத்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

கொல்விட்ஸ் அடிப்படையில் கோட்டுக்காரர். எட்சிங், லித்தோ (கல்லில் வரைந்து அச்செடுப்பது), கரி. சிற்பத்துக்கு வந்தது பின்னால்தான். 1904-ல் பாரிஸில் அகாடமி ஜூலியனில் கொஞ்ச காலம் களிமண் வேலை கற்றுக்கொண்டார், பிரெஞ்சுச் சிற்பி ரொடானின் பட்டறைக்கும் போயிருக்கிறார். முழுநேரச் சிற்பப் படிப்பு கிடையாது. அப்படிப்பட்டவர் இரண்டு பெரிய உருவங்களை எடுத்துக்கொள்கிறார். உள்ளே கம்பி கட்ட வேண்டும், களிமண் காயாமல் ஈரத்துணி சுற்ற வேண்டும், பிளாஸ்டரில் வார்க்க வேண்டும், வார்த்ததைத் திரும்ப வெட்டித் திருத்த வேண்டும். தாளில் ஒரு கோடு தப்பினால் அழிக்கலாம். களிமண்ணில் தோள் இரண்டு விரல்கடை தப்பினால் கழுத்து, முதுகு, உட்கார்ந்திருக்கும் விதம் எல்லாம் தப்பு. கடைசியில் பெல்ஜியக் கருங்கல்லில் செதுக்கியது அவர் இல்லை, இரண்டு சிற்பிகள் அவருடைய பிளாஸ்டர் மாதிரியைப் பார்த்துக் கல்லில் எடுத்தார்கள். அந்த வேலைக்கே நாள் பிடிக்கும்.

உணர்ச்சி உள்ளே தயாராக இருந்தது, கை தாமதித்தது. பாதி விடை இதுதான் என்பேன்.

கரிக்கோடு எழுதியது:

> உணர்ச்சி உள்ளே தயாராக இருந்தது, கை தாமதித்தது.

அண்ணா, இந்த இடத்தில்தான் எனக்கு ஒப்பவில்லை. 1919-ல் அவர் வேலையை நிறுத்திவிடுகிறார். திரும்பி வருவேன், உனக்காக இதைச் செய்வேன் என்று பீட்டருக்குச் சொல்லும் விதத்தில் நாட்குறிப்பில் எழுதிவிட்டு நிறுத்துகிறார். 1925 வாக்கில் மறுபடி எடுக்கும்போது சிலையின் அமைப்பே வேறு. முதல் திட்டத்தில் பையன் நீட்டிப் படுத்திருப்பான், தலைமாட்டில் அப்பா, கால்மாட்டில் அம்மா. இரண்டாவதில் பையனே இல்லை. பெற்றவர்கள் இரண்டு பேர் மட்டும் மண்டியிட்டிருக்கிறார்கள்.

கை தாமதித்திருந்தால் அதே சிலை தாமதமாக வந்திருக்கும். வந்தது வேறு சிலை.

புறத்திணை எழுதியது:

நல்ல இழை. நான் பள்ளியில் தமிழ் நடத்துகிறவன், ஓவியம் பற்றித் தெரிந்தது குறைவு. ஆனால் கரிக்கோடு சொல்லாமல் விட்ட ஒரு செய்தி இந்தக் கேள்விக்கு முக்கியம் என்று நினைக்கிறேன்.

பீட்டர் தானாக விரும்பிப் படையில் சேர்ந்தவன். வயது போதாததால் அப்பாவின் சம்மதம் தேவைப்பட்டது. அப்பா கார்ல், பெர்லினில் ஏழைகள் நிறைந்த ஒரு பகுதியில் மருத்துவர், முதலில் மறுத்துவிட்டார். பையன் அம்மாவைப் பார்த்தான். அம்மாதான் எழுந்து கணவரிடம் பேசி இணங்க வைத்தார். 1914 ஆகஸ்டில் அந்த நாடே தியாகம், தாய்நாடு என்று கொதித்துக்கொண்டிருந்தது, அவரும் அதற்கு வெளியே இல்லை.

இதைப் படித்ததும் எனக்குப் புறநானூறுதான் நினைவுக்கு வந்தது. ஒக்கூர் மாசாத்தியார் பாட்டில் (279) ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலைவாரி, கையில் வேல் கொடுத்து அனுப்பும் தாய். நாம் மேடைகளில் முழங்குவது அவளைத்தான். எனக்கு அதைவிடப் பெரிய பாட்டு அதற்கு இரண்டு பாட்டு முன்னால் இருக்கிறது. 277, பூங்கணுத்திரையார். கொக்கின் இறகுபோல் நரைத்த கூந்தல் கிழவி. மகன் யானையை வீழ்த்திவிட்டு இறந்தான் என்று கேட்டபோது, அவள் உவகை அவனைப் பெற்ற அன்றையதைவிடப் பெரிது என்கிறது பாட்டு. அங்கேயே முடித்திருந்தால் அது மறப்பாட்டு. அடுத்த வரியில்,

"கண்ணீர், நோன்கழை துயல்வரும் வெதிரத்து
வான்பெயத் தூங்கிய சிதரினும் பலவே"

மழை பெய்து ஓய்ந்த பின் மூங்கிலில் தொங்கும் துளிகளைவிட அதிகமான கண்ணீர். அது ஆனந்தக் கண்ணீர் என்று கொள்வாரும் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் இருக்கின்றன, ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடவில்லை.

கொல்விட்ஸிடமும் 1914-ல் இந்த இரண்டும் இருந்தன. மகன் ஒரு பெரிய காரியத்துக்காக இறந்தான் என்பது ஒன்று. மகன் இறந்தான் என்பது இன்னொன்று. முதல் திட்டத்தில் பையனைத் தியாகியாகப் படுக்கவைத்து, பெர்லினில் ஆற்றைப் பார்த்த ஒரு மேட்டில், ஊரெல்லாம் காண வைக்க நினைத்தார். அது முதல் உணர்வு பேசியது. அந்த நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. 1918 அக்டோபரில் ரிச்சர்ட் டேமெல் என்ற கவிஞர் இன்னும் தொண்டர்கள் போருக்கு வர வேண்டும் என்று அறைகூவியபோது, கொல்விட்ஸ் பத்திரிகையில் வெளிப்படையாக மறுப்பு எழுதினார். போதும் செத்தது, இனி ஒருவரும் சாகக் கூடாது. விதைநெல்லை அரைக்கக் கூடாது என்று கோதேயின் வரியோடு முடித்தார்.

அப்படி எழுதிய கையால் தியாகியின் சிலையை எப்படிச் செய்வது? 1919-ல் நின்றது கை அல்ல.

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோரும் கலைஞர் எதையோ "சொல்ல" வேண்டும் என்று வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள். அவர் வலி அவருக்கு. அதை இன்னொருவருக்குள் கடத்த முடியும் என்பதையே நான் நம்பவில்லை. படம் படமாக இருந்தால் போதாதா? நல்ல கோடு, நல்ல எடை, நல்ல இருட்டு. மற்றதெல்லாம் வாழ்க்கை வரலாறு.

சுதைமண் எழுதியது:

கரிக்கோடு, புறத்திணை ஐயா, நீங்கள் சொன்னபிறகு யோசித்துப் பார்த்தேன். தொழில் பக்கத்தை விடமாட்டேன், ஆனால் அதை இன்னும் சரியாகச் சொல்லப் பார்க்கிறேன். நிலாமுற்றத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

சிலை வேலை நின்றிருந்த காலத்தில் அவர் போரைப் பற்றி ஒரு படத்தொகுப்பு செய்தார், மொத்தம் ஏழு தாள். முதலில் எட்சிங்கில் முயன்றார், பிறகு லித்தோவில். திருப்தியில்லை. 1920-ல் ஒரு கண்காட்சியில் எர்ன்ஸ்ட் பார்லாக் என்ற ஜெர்மன் கலைஞரின் மரச்செதுக்குகளை (மரப்பலகையில் செதுக்கி அச்செடுத்த படங்கள்) பார்த்து ஆடிப்போனார். அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, மரத்தில் அனுபவமே கிடையாது. ஆனாலும் அதற்கு மாறினார்.

ஏன் மரம்? எட்சிங்கில் தகடு வெளிச்சம், நீங்கள் கீறக் கீற இருட்டு சேரும். மரச்செதுக்கில் தலைகீழ். பலகை முழுக்கக் கறுப்பு. உளி எடுத்த இடம் மட்டும் தாளில் வெள்ளையாக வரும். இருட்டிலிருந்து தொடங்கி, எவ்வளவு குறைவாக வெளிச்சத்தை விடலாம் என்று பார்க்கிற வேலை. அந்தத் தொகுப்பில் "பெற்றோர்" என்றொரு தாள் உண்டு. இரண்டு பேர் மண்டியிட்டு ஒருவர்மேல் ஒருவர் சரிந்து ஒரே கறுப்புக் கட்டியாக இருக்கிறார்கள். முகம் தெரியாது. அப்பாவின் கை அவர் முகத்தை மூடியிருக்கும். இதைச் செய்துகொண்டிருந்தபோது ஒரு கட்டத்தில் தாள் மிகவும் வெளிச்சமாக, மிகவும் தெளிவாக இருக்கிறது, துயரம் முழுக்க இருட்டானது என்று எழுதினார். அவர் தெரிந்துகொண்டது ஒரு மனநிலை மட்டும் என்று நினைக்காதீர்கள். எந்த ஊடகத்தில் அது உண்மையாக இருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் தெரிந்துகொண்டார். இரண்டும் ஒரே நேரத்தில்தான் நடக்கும். எங்கள் பட்டறையில் இதை எல்லாச் சிற்பியும் அறிவான். கல்லைத் தொடாமல் நமக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது.

1922-ல் பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலாந்துக்கு எழுதிய கடிதத்தில், போரை வடிவமாக்கத் திரும்பத் திரும்ப முயன்றேன், பிடிபடவேயில்லை. இப்போதுதான் நான் சொல்ல நினைத்ததை ஓரளவு சொல்கிற ஒரு மரச்செதுக்குத் தொகுப்பு முடிந்திருக்கிறது என்கிறார். "ஓரளவு" என்பதைக் கவனியுங்கள்.

நிலாமுற்றம், நீங்கள் சொல்லும் "நல்ல இருட்டு" எதற்கு நல்லது? அவர் தேடிய இருட்டை எதைக் கொண்டு அளந்தார்? மகனைக் கொண்டுதான். அந்த அளவுகோலை எடுத்துவிட்டால் இருட்டில் நல்லது கெட்டது என்று ஏது?

வெள்ளாமை எழுதியது:

நான் இங்க அதிகம் எழுதுறதில்ல, படிக்கிறதோட சரி. ஓவியம் தெரியாது. ஆனா ஒப்பாரி தெரியும், எங்க அப்பத்தா ஊருக்கே ஒப்பாரி சொல்ற ஆளு. முதுகுளத்தூர் பக்கம்.

கரிக்கோடு அக்கா கேட்ட "வரைஞ்சு தீர்த்துடு" பத்தி ஒண்ணு சொல்லணும். எங்க பக்கம் சாவு வீட்டுல பொம்பளைங்க வட்டமா தோளைப் புடிச்சு உக்காந்து ஒப்பாரி சொல்லுவாங்க. புருசன் செத்தா ஒரு மாதிரி, புள்ள செத்தா ஒரு மாதிரி, பொறந்த வீட்டு ஆளு செத்தா வேற மாதிரி. அடி, மெட்டு, கூப்புடுற பேரு எல்லாம் முன்னாடியே இருக்கு. அழுவுறவ அதுக்குள்ள தன் கதைய நுழைச்சுக்குவா. கடன், மாமியா கொடும, அண்ணன் தம்பி சீர் செய்யாதது, எல்லாம் வந்துரும். வார்த்தை வரலையேன்னு யாரும் தவிக்கிறதில்ல. அப்பத்தாகிட்ட கேட்டா "வாயத் தொறந்தா அதுவா வரும்"னு சொல்லும்.

அந்த அம்மாவுக்கு இந்த வட்டம் இல்ல. தனியா ஒரு ரூமுக்குள்ள உக்காந்து எல்லாத்தையும் முதல்ல இருந்து கண்டுபுடிக்கணும். அதுக்கு 18 வருசம் ஆனதுல எனக்கு ஆச்சரியமே இல்ல. ஓவியரு சிற்பிங்க எல்லாரும் அந்த வட்டத்த விட்டு வெளிய வந்தவங்கதானே. தீர்த்துடுன்னு சொல்றவங்க ஒப்பாரிய மனசுல வச்சுச் சொல்றாங்க. அக்கா செய்யறது வேற வேல.

கரிக்கோடு எழுதியது:

வெள்ளாமை, இத்தனை நாள் எழுதாமல் ஏன் இருந்தீர்கள்? இதைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு எதையும் படிக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கொல்விட்ஸுக்குத் தயார் வடிவம் இல்லாமல் இல்லை. ஊருக்கு ஊர் வீரர் நினைவுச் சின்னம் எழும்பிக்கொண்டிருந்த காலம். இரும்புத் தொப்பி, கழுகு, வாள், தாய்நாட்டுக்காக உயிர் நீத்தோர் என்ற எழுத்து. அதற்குள் தன் துயரத்தை நுழைத்திருந்தால் எளிதாக முடிந்திருக்கும். ஒப்பாரி உங்கள் அப்பத்தாவின் துயரத்துக்கு இடம் விடுகிறது. அந்தச் சின்னங்கள் அம்மாவின் துயரத்துக்கு இடம் விடவில்லை, பெருமைக்கு மட்டும்தான் இடம். அந்த வடிவத்தோடுதான் அவர் மல்லுக்கட்டினார் என்று இப்போது எனக்குப் படுகிறது. அவர் முதல் திட்டமே அதன் சாயலில் இருந்ததுதான் சிக்கல். தனக்குள் புகுந்திருந்ததைத் தானே வெளியேற்ற வேண்டியிருந்தது.

வடலி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஜெர்மனியிலை இருக்கிறன், சொந்த இடம் வடமராட்சி. அந்தச் சிலையை நேரிலை பார்த்தனான், அதாலை எழுதவேணும் போல கிடக்கு.

இப்ப அது பெல்ஜியத்திலை விளாட்ஸ்லோ எண்ட இடத்திலை, டிக்ஸ்மாய்டெ நகரத்துக்குக் கிட்ட. முதல் வைச்ச இடம் ரொக்கவெல்ட எண்ட சின்ன மயானம், 1950களிலை அந்தக் கல்லறையளை எல்லாம் விளாட்ஸ்லோவுக்கு மாத்தேக்குள்ளை சிலையும் வந்தது. 25,000க்கு மேலை ஜெர்மன் சிப்பாய்மார் அங்கை கிடக்கினம். நட்ட கல் இல்லை, தரையோடை தட்டையா பதிச்ச கல்லுகள், ஒவ்வொண்டிலையும் 20 பேர். பெரிய ஓக் மரங்கள். அந்தக் கடைசியிலை இவை ரெண்டு பேரும். சிலைக்கு முன்னாலை கிடக்கிற கல்லுகளிலை ஒண்டிலை பீட்டற்றை பேரும் இருக்கு, மற்ற 19 பேரோடை சேர்த்து. தனி மரியாதை ஒண்டும் இல்லை.

படத்திலை தெரியாத ஒண்டு நேரிலை தெரியும். ரெண்டு பேரும் வேற வேற பீடத்திலை, இடையிலை வெளி. ஒராளை ஒராள் தொடேல்லை, பார்க்கவும் இல்லை. அப்பா நிமிந்து முழங்காலிலை நிக்கிறார், ரெண்டு கையாலையும் தன்னைத் தானே இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, விட்டால் உடைஞ்சு போவார் எண்ட மாதிரி. அம்மா குனிஞ்சு முன்னுக்குச் சரிஞ்சு, தலை கீழை. அவரின்ரை முகம் கார்லின்ரை முகம், அம்மாவின்ரை முகம் கொல்விட்ஸின்ரை முகம்.

மேலை சுதைமண் அண்ணை சொன்ன மரச்செதுக்கிலை ரெண்டு பேரும் ஒண்டா உருகிப் போய் இருக்கினம், அது 1922. பத்து வருசத்துக்குப் பிறகு கல்லிலை தனித்தனி. என்னைக் கனநாள் யோசிக்க வைச்ச விசயம் இது. பிள்ளையைப் பறிகுடுத்த தாய் தேப்பன் ஒரு வீட்டுக்குள்ளை எப்பிடித் தனித்தனியா இருப்பினம் எண்டு எங்கடை ஆக்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அதுவும் ஒராள் போக விட்டு, மற்றாள் வேண்டாம் எண்டு சொல்லியிருந்தால்.

சுதைமண் எழுதியது:

வடலி, நன்றி. நீங்கள் சொன்ன அந்த இடைவெளியைப் பற்றிச் சிற்பியாக ஒன்று சொல்கிறேன்.

முதல் திட்டத்தில் மூன்று உருவம். பார்க்கிறவன் கண் நேராகப் படுத்திருக்கும் பையனிடம் போகும். பெற்றவர்கள் சட்டம் மாதிரி இரண்டு பக்கம். கதை அங்கேயே சொல்லி முடிந்துவிடும், நமக்கு அங்கே வேலையில்லை. பையனை எடுத்துவிட்டு, இரண்டு பேரையும் மயானத்தைப் பார்க்க வைத்ததும் என்ன ஆகிறது? மூன்றாவது உருவத்தின் இடத்தில் உண்மையாகவே புதைந்திருக்கும் பையன்கள் வந்துவிடுகிறார்கள். சிலை செய்து காட்டவே தேவையில்லாதவர்கள். ஒரு பீட்டருக்கு என்று தொடங்கியது அத்தனை பேருக்குமாக ஆனது, ஒரு உருவத்தைக் கூட்டியதால் அல்ல, ஒன்றைக் கழித்ததால்.

மகனை எடுத்துவிடும் முடிவை ஒரு தாய் எடுப்பதற்கு எத்தனை வருடம் ஆகும்? முதல் பதிவில் களிமண், ஈரத்துணி என்று நான் அடுக்கியதெல்லாம் உண்மைதான், ஆனால் அது மட்டும் என்றால் நாலைந்து வருட வேலை.

புறத்திணை எழுதியது:

அந்த அம்மாவின் குனிந்த தலை பற்றி வடலி எழுதியதற்கு ஒரு சிறு குறிப்பு. தொல்காப்பியம் அழுகைக்கு நான்கு நிலைக்களன் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு நமக்குத் தெரியும். இளிவை முதலில் வைத்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பு. பிறரால் இகழப்படும்போது வரும் அழுகை என்பார்கள் உரைகாரர்கள். தன்னைத் தானே இகழ்ந்துகொள்ளும் அழுகையையும் அதில் சேர்த்துக்கொள்ளத் தோன்றுகிறது எனக்கு. தலை நிமிர முடியாத அந்த அம்மாவிடம் இழவு மட்டுமா இருக்கிறது? அனுப்பிவைத்தவள் அவள்.

பெற்றோர் மகனிடம் மன்னிப்புக் கேட்பதாகவும் அந்த மண்டியிடலைப் படிக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படுகிறது. 1903-ல் வரைந்த தாயிடம் இந்தக் குற்றவுணர்வு இல்லை. ஆகவேதான் அந்தப் படம் அத்தனை வேகமாக வந்தது. கரிக்கோடு கேட்ட முதல் கேள்விக்கு என் விடை இதுதான்: 1903-ல் அவருக்குத் தெரிந்தது சாவின் வலி, 1914-ல் அவர்மேல் விழுந்தது தன் பங்கும் கலந்த சாவு. முன்னதுக்கு ஓர் உடம்பு போதும். பின்னதுக்கு முதலில் தன்னிடமே உண்மை பேச வேண்டும்.

நிலாமுற்றம் எழுதியது:

சுதைமண் கேட்ட கேள்வி எனக்கு உறைத்தது, மறுக்கவில்லை. ஆனால் "போய்ச் சேர்வது" பற்றி என் சந்தேகம் அப்படியே இருக்கிறது. பெர்லினில் நொய்யெ வாஹ என்ற நினைவு மண்டபத்தில் அவருடைய இன்னொரு சிற்பத்தை வைத்திருக்கிறார்களே, அதைப் பற்றி யாராவது எழுதுங்கள். அவர் சொன்னதும் ஊர் கேட்டதும் ஒன்றா என்று அங்கே தெரியும்.

வடலி எழுதியது:

நல்ல இடத்திலை கொண்டுவந்து நிப்பாட்டினியள். அங்கையும் போயிருக்கிறன்.

அது 1937-38இலை செய்தது. தாய் இருக்கிறா, செத்த மகன் அவவின்ரை முழங்காலுக்கு நடுவிலை மடிக்குள்ளை சுருண்டு கிடக்கிறான். அசல் சின்னது, 40 சென்டிமீட்டரும் வராது, மேசையிலை வைக்கலாம். அதைச் செய்துகொண்டிருந்த காலத்திலை, பீட்டர் செத்த நாள் வரேக்கை நாட்குறிப்பிலை எழுதினா: இது பியெட்டா (செத்த யேசுவை மடியிலை வைச்சிருக்கிற மரியாள் உருவம்) மாதிரி ஒண்டா வந்திட்டுது, ஆனால் இதிலை இருக்கிறது இனி வலி இல்லை, யோசனை எண்டு.

1993இலை ஜெர்மன் அரசாங்கம் அதை நாலு மடங்கு பெருப்பிச்சு, போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியானவைக்கு எண்ட எழுத்தோடை அந்த மண்டபத்துக்கு நடுவிலை வைச்சது. கூரையிலை வட்ட ஓட்டை, மழையும் பனியும் நேரை அவவின்ரை தலையிலை விழும். அப்ப பெரிய சண்டை நடந்தது. கொலை செய்யப்பட்ட யூதச் சனத்துக்கு இந்தக் கிறிஸ்தவச் சாயல் எப்பிடிப் பொருந்தும் எண்டு கேட்டவை. கொல்லப்பட்ட பெண்கள் எங்கை, இதிலை பெண் உயிரோடை எல்லே இருக்கிறா எண்டு கேட்டவை. போட்டவனையும் பட்டவனையும் ஒரே எழுத்துக்குள்ளை அடக்கிறதோ எண்டும் கேட்டவை. எல்லாம் நியாயமான கேள்வி. 1945இலை கண்ணை மூடின மனுசியிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. மேசையிலை வைச்சு யோசிச்ச ஒரு சின்ன விசயத்தைப் பெருப்பிச்சால் அது அரசாங்கம் பேசுற பேச்சா மாறிப்போகுது. அந்த அளவிலை நிலாமுற்றம் சொல்றது சரி.

ஆனால் அந்தப் பெற்றோர் சிலையிலை அப்பிடி இல்லை. முதல் வைச்ச ரொக்கவெல்டவிலை அளவும் இடமும் திசையும் அவவே முடிவு செய்தது. 1932இலை சிலையை வைச்ச நேரம் அவ அந்த அம்மா உருவத்துக்கு முன்னாலை நிண்டு, தன்ரை முகத்தையே பார்த்து அழுது, அதின்ரை கன்னத்தைத் தடவினதாம். கார்ல் பின்னாலை வந்து நிண்டது அவவுக்குத் தெரியேல்லை. அவர் மெல்லமா "ஓம், ஓம்" எண்டு சொன்னது மட்டும் கேட்டதாம். நாங்கள் அப்ப எவ்வளவு நெருக்கமா இருந்தம் எண்டு எழுதியிருக்கிறா. ஒருத்தரை ஒருத்தர் பாராத ரெண்டு உருவத்துக்கு முன்னாலை நிண்டுதான் அந்த நெருக்கம் வந்தது.

நிலாமுற்றம், போய்ச் சேர்றதெண்டால் நான் இதைத்தான் சொல்லுவன். ஊருக்குப் போய்ச் சேர்றது பிறகு. அந்த "ஓம்" எண்ட ஒண்டு அவவுக்குக் கிடைச்சது.

நிலாமுற்றம் எழுதியது:

அந்த "ஓம்"-க்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை.

வெள்ளாமை எழுதியது:

இந்தப் படமெல்லாம் எங்க பாக்கலாம்? போன்ல தேடினா சின்னச் சின்னதா வருது.

வடலி எழுதியது:

வெள்ளாமை தம்பி, கொலோனிலையும் பெர்லினிலையும் அவவின்ரை பேரிலை அருங்காட்சியகம் இருக்கு. கொலோன் அருங்காட்சியகத்தின்ரை இணையத்தளத்திலை வேலைகளை வரிசைப்படி, பெரிசாப் பார்க்கலாம். போர்த் தொகுப்பு ஏழு தாளையும் அடுத்தடுத்துப் பாருங்கோ. ரெண்டாவது தாளிலை மேளம் அடிச்சுக்கொண்டு போற சாவுக்குப் பக்கத்திலை போற பெடியன்தான் பீட்டர்.

கரிக்கோடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கேட்டதற்கு மேலேயே கிடைத்தது.

"வரைஞ்சு தீர்த்துடு" என்பதில் என்ன பிசகு என்று இப்போது எனக்கு ஓரளவு தெரிகிறது. உள்ளே ஒன்று முழுதாக இருக்கிறது, அதைத் தாளில் இறக்க வேண்டியதுதான் பாக்கி என்று அந்த வாக்கியம் நம்புகிறது. என்னிடம் அப்படி முழுதாக எதுவும் இல்லை. தம்பி மேல் எனக்கு இருக்கிறது அன்பு மட்டும் இல்லை. கடைசி வருடங்களில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அது தெரியாமல் வரைந்தால் வழக்கமான பத்திரிகைப் படம்தான் வருகிறது: மாலை போட்ட போட்டோ, மூலையில் உட்கார்ந்த அக்கா. பார்ப்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அது நான் இல்லை.

கூடவே 1937 நாட்குறிப்பு வரியையும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். புறத்திணை ஐயா குற்றவுணர்வோடு நிறுத்திவிட்டார். கொல்விட்ஸ் அங்கே நிற்கவில்லை. மன்னிப்புக் கேட்ட சிலைக்கு ஐந்தாறு வருடம் கழித்து, அதே மகனை அதே மடியில் வைத்துக்கொண்டு அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். ஒரே சாவைப் பற்றி அவர் சொல்ல வேண்டியது மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. 1932-ஐ முடிவு என்று எடுத்துக்கொள்வது நம் வசதிக்காகத்தான்.

சுதைமண் அண்ணா, உங்களிடம் ஒரு கேள்வி. தம்பியை வரையாமல், நாங்கள் பேசாமல் இருந்த அந்த வீட்டுக் கூடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஆள் ஒருவர் போதும், நான். கைகளை எங்கே வைப்பது என்பதுதான் தெரியவில்லை. எங்கே வைத்தாலும் நாடகமாகிவிடுகிறது.

சுதைமண் எழுதியது:

கையை வைக்க இடம் தேடாதீர்கள் அம்மா, நாடகம் அதிலிருந்துதான் வருகிறது. முதுகுத்தண்டிலிருந்து தொடங்குங்கள். உட்கார்ந்திருக்கும் உடம்பின் எடை எந்தப் பக்கம் இறங்குகிறது, இடுப்பிலா, இடது தொடையிலா, சுவரில் சாய்ந்த தோளிலா என்று முதலில் அதை முடிவு செய்யுங்கள். எடை சரியாக விழுந்தால் கை தானாக ஒரு இடத்தில் கிடக்கும். கொல்விட்ஸின் அம்மா உருவத்திலும் பாருங்கள், முதுகின் வளைவு முடிந்த பிறகுதான் கை வருகிறது.

பென்சில் வேண்டாம், பழக்கமான கதைப்பட விரல் வேலை செய்யத் தொடங்கிவிடும். பெரிய தாள், கரியைப் படுக்கப் போட்டுத் தேயுங்கள். தாள் முழுக்கக் கறுப்பாக்கிவிட்டு ரப்பரால் வெளிச்சத்தை எடுத்துப் பாருங்கள், மரச்செதுக்குக்கு அதுதான் கிட்டத்தில் வரும். முகம் இப்போதைக்கு வேண்டாம்.

இரண்டு மூன்று தாள் ஆனதும் இங்கேயே போடுங்கள். நன்றாக இல்லாததையும் சேர்த்துப் போடுங்கள், அதில்தான் பேச நிறைய இருக்கும்.